ஒரே கரு, ஒரே முகம்: அண்ணன் சிகரெட்டை விட்டுவிட்டான், நான் விடவில்லை

#1 – இளையவன்

வணக்கம். நானும் என் அண்ணனும் ஒரு கரு இரட்டையர். அவன் என்னைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவன். அந்தப் பதினோரு நிமிடத்தை வைத்தே நாற்பத்து மூன்று வருடமாக அண்ணன் பட்டத்தை அனுபவித்து வருகிறான். ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே அறையில் படுத்தோம், பதினேழு வயதில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் சிகரெட்டையும் தொட்டோம். முப்பத்தைந்தாவது வயதில், ஒரு திங்கட்கிழமை, அவன் நிறுத்திவிட்டான். எப்படி என்று கேட்டதற்கு, "விட்டேன், அவ்வளவுதான்" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. நான் அதன் பிறகு ஏழு முறை முயன்று ஏழு முறையும் தோற்றிருக்கிறேன்.

சென்ற வாரம் பின்லாந்தின் இரட்டையர் ஆய்வாளர் யாக்கோ காப்ரியோவின் வேலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அங்கிருந்து ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போய், டச்சு இரட்டையர்களை வைத்து 2005-இல் வெளிவந்த ஆய்வில் நின்றேன். நிகோடினுக்கு அடிமையாவதில் மரபின் பங்கு 75 விழுக்காடு என்கிறது அது. படித்தவுடன் ஒரு நிம்மதி வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். பத்து நிமிடத்தில் அந்த நிம்மதி போய்விட்டது. என் மரபணு முழுவதும் அண்ணனிடமும் இருக்கிறதே! அவனால் முடிந்தது என்றால், அந்த 75 எங்கே போயிற்று? என்னிடம் இருப்பது மீதி 25-இன் குற்றம் மட்டும்தானா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – தராசு

கேள்வியிலேயே பதில் இருக்கிறது, நண்பரே. அதே மரபணு, அதே வீடு, அதே வயது. அவர் மனம் வைத்தார், நீங்கள் வைக்கவில்லை. நானும் பதினைந்து வருடம் புகைத்தவன்தான். ஒரு நாள் போதும் என்று தோன்றியது, நிறுத்தினேன். மாத்திரையும் இல்லை, மரபணுவும் இல்லை. இப்போதெல்லாம் உடம்பு பருத்தாலும் மரபணு, கோபம் வந்தாலும் மரபணு.

#3 – கணக்கன்

தராசு அவர்களே, கொஞ்சம் பொறுங்கள். இளையவனே, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 75 விழுக்காடு என்பது உங்கள் உடம்பைப் பற்றிய எண்ணே அல்ல. இந்தத் துறையைப் பற்றிய குழப்பங்களில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது.

ஒரு கூட்டத்தில் சிலரை நிகோடின் இறுகப் பிடிக்கிறது, சிலரைத் தளர்வாகப் பிடிக்கிறது. ஆளுக்கு ஆள் காணப்படும் இந்த ஏற்றத்தாழ்வில் எவ்வளவு, மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. தனியொருவரைக் காட்டி "இவர் பழக்கத்தில் முக்கால் பங்கு மரபணு, கால் பங்கு மனம்" என்பது, ஒரு வயலின் பரப்பளவில் நீளத்துக்கு எத்தனை விழுக்காடு, அகலத்துக்கு எத்தனை விழுக்காடு என்று பங்கு கேட்பதைப் போன்றது.

எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்தால் இது விளங்கும். ஒரு கரு இரட்டையருக்கு மரபணு ஏறத்தாழ முழுதும் பொது. இரு கரு இரட்டையருக்கு, மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, சராசரியாகப் பாதி பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறார்கள். ஆகவே முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிடக் கூடுதலாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதல், மரபின் மறுபாதியிலிருந்து வந்தது. அதை இரண்டால் பெருக்கினால் மரபின் பங்கு கிடைக்கும். விளக்கத்துக்காக நானாகவே இரண்டு எண்கள் போடுகிறேன்: முழு ஒப்புமை 1 என்றால், ஒரு கரு இணைகளின் ஒப்புமை 0.7, இரு கரு இணைகளின் ஒப்புமை 0.4 என்று வையுங்கள். வேறுபாடு 0.3, மரபின் பங்கு 0.6. ஒரு கரு இணைகளின் 0.7-இல் 0.6 போக எஞ்சும் 0.1 இருவருக்கும் பொதுவான வீடு, தெரு, பள்ளி. 1-ஐ எட்டுவதற்குக் குறையும் 0.3 அவரவருக்கே உரியது.

இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. இரு வகை இரட்டையருக்கும் வீட்டுச் சூழல் ஒரே அளவில் பொதுவானது என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு கரு இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்து, ஒரே தீக்குச்சியில் பற்றவைப்பது அதிகம் என்றால், மரபின் பங்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இப்போது அந்த டச்சு ஆய்வு. அதைச் செய்தவர்கள் விங்க், வில்லெம்சன், போம்ஸ்மா. அவர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்டார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். புகைக்கத் தொடங்குவதில் மரபின் பங்கு 44 விழுக்காடு, பொதுச் சூழலின் பங்கு 51. தொடங்கியவர்களில் யார் அடிமையாகிறார் என்ற கேள்வியில் மரபின் பங்கு 75. முதல் சிகரெட்டைக் கையில் கொடுப்பதில் வீட்டுக்கும் தோழர்களுக்கும் பாதிக்குமேல் பங்கு. அது கையைவிட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்வதில் உடம்பின் கை ஓங்கிவிடுகிறது.

மீதி 25-ஐப் பற்றி ஒன்று. அவரவர் தனி அனுபவம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அளவீட்டுப் பிழை முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் விழும். கேள்வித்தாளில் ஆட்கள் மறந்ததும், மறைத்ததும், சொன்ன பொய்யும் அங்கேதான் கிடக்கும்.

பின்குறிப்பாக ஒரு கேள்வி: நீங்கள் ஒரு கரு என்பது சோதித்துத் தெரிந்ததா, முகத்தைப் பார்த்துச் சொன்னதா?

#4 – இளையவன்

சிறுநீரகம் தொடர்பான ஒரு பரிசோதனையின்போது இருவருக்கும் மரபணு ஒப்பிட்டார்கள், ஐயா. ஒரு கரு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு அம்மாவே எங்களை மாற்றி அடித்திருக்கிறார்.

#5 – இரவுப்பணி

புகை நிறுத்தல் சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது வருடம் செவிலியராக இருக்கிறேன். விழுக்காட்டுக் கணக்கு எனக்கு வராது. என் கேள்வி ஒன்றே ஒன்று, அதை வருகிற எல்லோரிடமும் கேட்கிறேன்: காலையில் கண்விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?

தம்பி, உங்களுக்கும் அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள். தராசு சார், நீங்களும் சொன்னால் நன்றாக இருக்கும்.

#6 – இளையவன்

எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, அக்கா. கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்கு முன்பே கை தேடும். ஒரு நாளைக்கு இருபத்தைந்து. காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் உண்டு.

அண்ணன் அப்படி இல்லை. காலையில் நடைப்பயிற்சி போவான், குளிப்பான், செய்தித்தாள் படிப்பான், அதன் பிறகுதான் முதல் சிகரெட். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

#7 – இரவுப்பணி

நான் கேட்டது கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளரின் கேள்வித்தாளில் இருப்பது. 1978-இல் வந்தது, 1991-இல் திருத்தி ஆறு கேள்வியாக்கினார்கள். மொத்தம் 10 மதிப்பெண். ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் அதற்கு மட்டும் 3. முப்பது நிமிடத்துக்குள் என்றால் 2, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1, அதற்கும் பிறகு என்றால் பூஜ்யம். காரணம் எளிது. நிகோடினின் அரை ஆயுள் இரண்டு மணி நேரம்தான். தூங்கி எழும்போது இரத்தத்தில் அது ஏறக்குறைய வற்றிவிடுகிறது. காலையில் முதலில் கேட்பது உடம்பா பழக்கமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

உங்கள் கணக்கு 6-க்குக் குறையாது, தம்பி. இந்த நிலையில் வெறும் கையோடு ஏழு முறை முயன்றிருக்கிறீர்கள் என்றால் அதற்குப் பெயர் மனவலிமைக் குறைவு அல்ல.

ஆனால் அண்ணன் விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒரு கரு இரட்டையரில் இவ்வளவு வேறுபாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. அவரையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

#8 – பழம்புத்தகம்

இந்த இழையில் இரட்டையரும் சிகரெட்டும் சேர்ந்து வந்துவிட்டதால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இது மருத்துவ வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த திருப்பம்.

1950-இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து, சிகரெட்டைக் கைகாட்டினார்கள். அடுத்த வருடம் பிரிட்டனின் டாக்டர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, யார் யார் எதனால் இறக்கிறார்கள் என்று பின்தொடரத் தொடங்கினார்கள். முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்போது எதிர்த்து நின்றவர் சாதாரண ஆள் அல்லர். நவீனப் புள்ளியியலைக் கட்டியவர்களில் முதல்வரான ரொனால்ட் ஃபிஷர். வாயில் எப்போதும் புகைக்குழாய். புகையிலை உற்பத்தியாளர்களின் குழுவுக்கு ஆலோசகர்.

ஃபிஷரின் வாதம் முட்டாள்தனமானது அல்ல. புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் வருகிறது, சரி. ஆனால் புகைக்கத் தூண்டும் அதே மரபணு புற்றுநோயையும் கொடுக்கிறது என்றால்? அப்போது சிகரெட் குற்றவாளி அல்ல, சம்பவ இடத்தில் நின்றவன் மட்டுமே. இதற்கு அவர் கொண்டுவந்த சாட்சி இரட்டையர்! 1958-இல் ஜெர்மனியிலிருந்து பெற்ற 51 ஒரு கரு இணைகள், 31 இரு கரு இணைகளின் கணக்கை வெளியிட்டார். புகைப் பழக்கத்தில் ஒரு கரு இரட்டையரே அதிகம் ஒத்துப்போனார்கள். ஆகவே புகைப்பது மரபோடு தொடர்புடையது என்றார். (அந்தத் தரவை அனுப்பியவர் ஓட்மார் ஃபான் வெர்ஷுயர், வதை முகாமில் இரட்டையர்கள்மீது கொடூரச் சோதனைகள் நடத்திய நாஜி டாக்டர் யோசெஃப் மெங்கலேயின் ஆசான். அந்த அழுக்கை இங்கே கிளறப் போவதில்லை.)

இப்போது திருப்பத்துக்கு வருகிறேன். ஃபிஷர் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு வழி இருந்தது, அதை அவருடைய வாதமே காட்டிக் கொடுத்தது. ஒரு கரு இரட்டையரில் ஒருவர் புகைக்கிறார், மற்றவர் புகைக்கவில்லை; அப்படிப்பட்ட இணைகளைத் தேடிப் பிடியுங்கள். மரபணு ஒன்றே. புற்றுநோய் மரபணுவின் வேலை என்றால் இருவருக்கும் ஒரே அளவில் வரவேண்டும். ஸ்வீடனின் இரட்டையர் பதிவேடு 1950-களின் கடைசியில் தொடங்கப்பட்டதே, புகையும் மதுவும் நோய்க்குக் காரணமா என்பதை மரபைக் கழித்துப் பார்ப்பதற்காகத்தான். பின்லாந்தில் 1974-இல், 1958-க்கு முன் பிறந்த ஒரே பால் இரட்டையர்களைத் திரட்டினார்கள். 1975-இல் முதல் கேள்வித்தாள் போயிற்று. இளையவன் குறிப்பிட்ட காப்ரியோ அங்கேதான் தன் வாழ்நாளைச் செலவிட்டார்.

இத்தகைய இணைகள் அரிது, அதிலும் இறப்புகள் சேரவேண்டும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 1989-இல் காப்ரியோவும் மார்க்கு கோஸ்கென்வுவோவும் பன்னிரண்டு வருடக் கணக்கை வெளியிட்டார்கள்: புகைத்தவர், புகைக்காத தன் இரட்டையரைவிட முந்திப் போகிறார். 2017-இல் வடஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது, ஒரு கரு இணைகளிலேயே புகைத்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஃபிஷர் 1962-இல் இறந்துவிட்டார். இதைப் பார்த்திருந்தால் குழாயை இறக்கியிருப்பாரா என்பது தெரியாது, எனக்குச் சந்தேகம்தான்.

#9 – தராசு

நல்ல கதை. ஆனால் என் பக்கத்தைத்தான் இது வலுப்படுத்துகிறது. மரபணு மரபணு என்று முதலில் கத்தியதே புகையிலைக் கம்பெனிகளின் ஆலோசகர்! "எங்கள் பொருளில் குறையில்லை, சிலருடைய இரத்தத்தில்தான் குறை" என்று சொல்வது அவர்களுக்கு எவ்வளவு வசதி? அந்த வண்டியில் நாம் ஏன் ஏறவேண்டும்?

#10 – பழம்புத்தகம்

இந்த முறை உங்களோடு ஒத்துப்போகிறேன். அமெரிக்கப் புகையிலைத் துறையின் ஆராய்ச்சி மன்றம் மரபு ஆய்வுகளுக்குப் பல வருடம் பணம் கொடுத்தது. கம்பெனிகள்மீது மாநிலங்கள் தொடுத்த வழக்குகள் 1998-இல் சமரசத்தில் முடிந்தபோதுதான் அது மூடப்பட்டது. நிகோடின் அடிமைப்படுத்துகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவர் கூப் 1988-இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தார். ஆறு வருடம் கழித்து ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் வரிசையாக உட்கார்ந்து, அப்படி நாங்கள் நம்பவில்லை என்றார்கள்.

ஆகவே யார் பணத்தில் நடந்த ஆய்வு என்று கேளுங்கள், தவறில்லை. ஆனால் கெட்டவன் சொன்னான் என்பதால் மட்டும் ஒரு செய்தி பொய்யாகிவிடாது. புகைப்பது மரபோடு தொடர்புடையது என்ற அளவில் ஃபிஷர் சரி. அதனால் சிகரெட் நிரபராதி என்று தாவினாரே, அந்தத் தாவலில்தான் விழுந்தார்.

#11 – கணக்கன்

பழம்புத்தகம் சொன்னதற்கு ஒரு விசித்திரமான வால் உண்டு. ஃபிஷர் கற்பனை செய்த மரபணுவைப் போலவே ஒன்று உண்மையில் கிடைத்தது. 2008-இல், சில நாள் இடைவெளியில், மூன்று குழுக்கள் 15-ஆவது குரோமோசோமில் ஒரே இடத்தைச் சுட்டின. நுரையீரல் புற்றுநோயோடு தொடர்பு, புகைக்கும் அளவோடும் தொடர்பு. அங்கே இருப்பவை நிகோடின் வந்து அமரும் ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்கள். அவற்றில் ஆல்ஃபா 5 என்ற துண்டில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது.

மரபணு நேராகப் புற்றுநோய் தருகிறதா, அதிகம் புகைக்கவைத்துத் தருகிறதா என்று அப்போதே வாதம் நடந்தது. புகைக்காதவர்களிடம் அந்த மாற்றம் புற்றுநோயைக் கூட்டவில்லை. ஆகவே வழி பெரும்பாலும் சிகரெட் வழியாகத்தான் போகிறது.

அளவையும் பாருங்கள். அந்த மாற்றத்தின் ஒரு பிரதிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு சிகரெட் கூடுகிறது. அவ்வளவுதான். புகைக்கும் அளவின் ஏற்றத்தாழ்வில் ஒரு விழுக்காடு அளவுக்கே அது விளக்குகிறது, ஆனாலும் இந்தத் துறையில் கிடைத்த மிகப் பெரிய மீன் அதுதான். 2019-இல் 12 லட்சம் பேரின் தரவை அலசி, புகைப் பழக்கத்துக்கும் மதுப் பழக்கத்துக்கும் சேர்த்து 566 மரபணு மாற்றங்களைக் கண்டார்கள். பெரும்பாலானவை தூசு அளவு விளைவு கொண்டவை. "சிகரெட் மரபணு" என்று ஒன்றைத் தேடுகிறவர்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் தராசு அவர்களுக்கு. மரபின் பங்கு என்பது கல்லில் வெட்டிய எண் அல்ல. கென்னத் கெண்ட்லர் குழு 2000-ஆம் ஆண்டில் ஸ்வீடன் இரட்டையர்களை ஆராய்ந்தது. பிரிந்து வளர்ந்தவர்களும் அதில் உண்டு. ஆண்களிடம் தொடர்ந்து புகையிலை பயன்படுத்துவதில் மரபின் பங்கு 61 விழுக்காடு. பெண்களிடம்? 1925-க்கு முன் பிறந்தவர்களிடம் பூஜ்யம். 1940-க்குப் பின் பிறந்தவர்களிடம் 63. இரண்டு தலைமுறையில் பெண்களின் மரபணு மாறிவிடவில்லை. பெண் புகைப்பதைச் சமூகம் சகிக்காத காலத்தில் மரபணுவுக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. தடை தளர்ந்ததும் பேசத் தொடங்கிவிட்டது.

இதையே மறுபக்கம் திருப்பிச் சொன்னவர் பிரிட்டனின் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ். 1985-இல் அவர் சொன்னது: எல்லோரும் ஒரு நாளைக்கு இருபது சிகரெட் புகைக்கும் நாட்டில் ஆராய்ந்தால், நுரையீரல் புற்றுநோய் மரபு நோய் என்றுதான் முடிவு வரும். காரணி எல்லோரிடமும் சமமாக இருந்தால், அது கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

#12 – இரவுப்பணி

அந்த ஆல்ஃபா 5 பற்றிக் கணக்கன் ஐயா எண்ணோடு நிறுத்திவிட்டார். எனக்கு எலிக் கதைதான் பிடிக்கும், நோயாளிகளிடம் அதையே சொல்கிறேன். 2011-இல் வந்த ஆய்வு. ஆல்ஃபா 5 இல்லாத எலிகளிடம் நிகோடினைத் தாமாகவே எடுத்துக்கொள்ள விட்டார்கள். சாதாரண எலி ஓர் அளவுக்கு மேல் போனால் விலகிக்கொள்கிறது; அதிக நிகோடின் குமட்டும். இந்த எலிகள் விலகவில்லை, மேலும் மேலும் எடுத்தன. மூளையின் நடுவில் ஹபெனுலா என்ற சிறு பகுதி இருக்கிறது. அங்கே அந்த ஏற்பியை மீண்டும் கொடுத்ததும் எலிகள் அளவோடு நின்றன. ஆக, சிலருக்குச் சுகம் கூடுதல் என்பதைவிட, போதும் என்று அடிக்க வேண்டிய மணி சரியாக அடிப்பதில்லை என்பதே பொருத்தம். பந்தியில் உட்கார்ந்தவருக்கு வயிறு நிறைந்தது தெரியாமல் போனால் என்ன ஆகும், அதைப் போல.

இரண்டாவது ஆள் கல்லீரலில் இருக்கிறார். சிப் 2ஏ6 என்ற நொதி. நிகோடினைச் சிதைத்துக் கோட்டினின் என்ற வேறு பொருளாக மாற்றுவதில் பெரும்பங்கு இதனுடையது. சிலருக்கு இது வேகமாக ஓடுகிறது, சிலருக்கு மெதுவாக; இது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. மெதுவானவர் ஒரு சிகரெட்டை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் ஓட்டுவார், குறைவாகப் புகைப்பார், விடுவதும் கொஞ்சம் எளிது. வேகமானவருக்கு நிகோடின் சீக்கிரம் காலியாகிவிடும், அடுத்ததைத் தேடுவார்.

இது வெறும் ஏட்டறிவு அல்ல. 2015-இல் கேரின் லெர்மன், ரேச்சல் டிண்டேல் முதலியோர் 1,246 பேரை வைத்துச் சோதனை செய்தார்கள். நொதி வழக்கமான வேகத்தில் ஓடுபவர்களுக்கு நிகோடின் ஒட்டுப்பட்டையைவிட, புகையை விட உதவும் வரெனிக்லின் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்தது. மெதுவானவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, மாத்திரையில் பக்கவிளைவு மட்டும் கூடுதல்.

தம்பி, இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? உங்களுக்கு என்ன நொதியோ அதுதான் அண்ணனுக்கும். உங்களுக்கு மணி அடிக்கவில்லை என்றால் அவருக்கும் அடித்திருக்காது. ஆகவே உங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டிலும் தேடிப் பயனில்லை. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், அண்ணனைக் கேளுங்கள்.

#13 – வழிப்போக்கர்_12

இந்த மரபணுக்களைச் சோதித்துச் சொல்லும் இடம் ஏதாவது உண்டா? முடிவு தெரிந்தால் பயந்தாவது விட்டுவிடுவேன்.

#14 – இரவுப்பணி

பயந்து விட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. மரபணுச் சோதனையில் நோய் அபாயத்தைத் தெரிவித்தால் மனிதர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்களா என்று பல சோதனைகளைத் தொகுத்து 2016-இல் ஆராய்ந்தார்கள். மாற்றிக்கொள்ளவில்லை. நல்ல முடிவு வந்தவர் இன்னொன்றைப் பற்றவைக்கிறார், கெட்ட முடிவு வந்தவர் "தலையெழுத்து" என்று பற்றவைக்கிறார். இது ஆய்வு முடிவு அல்ல, என் அனுபவம். அந்தக் காசுக்கு டாக்டரைப் பாருங்கள்.

#15 – மட்டுறுத்துநர்

மாத்திரையின் அளவு, எத்தனை வேளை என்று எழுதியிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மருந்தின் பெயரைச் சொல்லலாம், அளவைச் சொல்ல வேண்டாம். அதை அவரவர் டாக்டர் சொல்லட்டும்.

#16 – இளையவன்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அக்கா சொன்னபடி அண்ணனைக் கேட்டேன்.

முதலில் பழைய பாட்டையே பாடினான். விட்டேன், அவ்வளவுதான். இந்த இழையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். எலிகளின் கதை வரைக்கும் படித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த நடைப்பயிற்சி…" என்று இழுத்தான்.

நடைப்பயிற்சி இல்லவே இல்லையாம். கண்விழித்ததும் காலணியை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போவான். அங்கே நின்று இரண்டு சிகரெட். அதன் பிறகு பத்து நிமிடம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, செய்தித்தாள் படித்து, எல்லோரும் பார்க்க "முதல்" சிகரெட்டை எடுப்பான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்று நான் சொன்னது நான் பார்த்த பன்னிரண்டு. உண்மையில் இருபதைத் தாண்டும்.

அந்தத் திங்கட்கிழமை அவனுடைய முதல் முயற்சியும் அல்ல. அதற்கு முன் ஐந்து முறை விட்டு ஐந்து முறை திரும்பியிருக்கிறான். ஒரு முறை நான்கு மாதம் தாக்குப்பிடித்தானாம். எனக்குத் தெரியவே தெரியாது. ஆறாவது முறை டாக்டரைப் பார்த்து மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தோற்றால் நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். ஜெயித்த பிறகு, சிரமப்பட்டதைச் சொல்ல மனம் வரவில்லை" என்றான்.

எட்டு வருடம் நான் என்னைத் திட்டிக்கொண்டது அந்தத் தெருமுனை தெரியாததால்.

#17 – கணக்கன்

மீதி 25-இன் பெட்டிக்குள் என்னென்ன கிடக்கும் என்று சொன்னேன் அல்லவா? ஒரு துண்டை உங்கள் அண்ணனே எடுத்து வெளியே போட்டுவிட்டார். ஆய்வுக்காக உங்கள் வாக்குமூலத்தை மட்டும் வாங்கியிருந்தால், மரபணு ஒன்றாக இருந்தும் பழக்கம் முற்றிலும் மாறுபட்ட இணை என்று உங்களைப் பதிவு செய்திருப்பார்கள். உண்மையில் நீங்கள் இருவரும் ஒரே அச்சு. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கேட்காமல், ஆளுக்குத் தனித்தாள் அனுப்புவதன் அருமை இப்போதுதான் எனக்கே உறைக்கிறது.

ஐந்து தோல்வி என்பதும் அதிகம் அல்ல. கனடாவின் ஒன்டாரியோவில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளிவந்த கணக்கு, வெற்றிக்கு முன் முப்பதோ அதற்கு மேலோ முயற்சிகள் ஆகலாம் என்கிறது. ஐந்து ஆறு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது, விட்டவர்களைக் கூப்பிட்டு எத்தனை முறை முயன்றீர்கள் என்று கேட்டதால் வந்தது. அரை நாளில் முறிந்த முயற்சியை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

#18 – தராசு

இரவுப்பணி அம்மா முதல் நாளே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். கவனிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், கவனித்தேன்.

எனக்கு முதல் சிகரெட் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஒரு நாளைக்கு ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு. விடுமுறை நாள்களில் மறந்தேபோகும்.

#19 – இரவுப்பணி

பூஜ்யம், தராசு சார். நூற்றுக்கு அல்ல, பத்துக்கு.

#20 – இளையவன்

நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அண்ணனும் வருகிறான். பதினோரு நிமிடம் முன்னதாகவே போய் நிற்பானாம்.